இரண்டு கண்ணாடி, கொஞ்சம் ஏ.சி கேஸ், ஓர் இரவு... டெல்லி இயற்பியல் ஆய்வகத்தில் நான்!

“ஷூவைக் கழட்டு. துப்பட்டாவை இறுக்கிக் கட்டு. அப்புறம் அந்தக் கதவை மெதுவா சாத்துடி... காத்து அடிச்சா ரீடிங் ஆடும்!”

மூன்று வருடங்கள் கழித்துப் பார்க்கிற தோழி வாசலில் நின்று சொன்ன முதல் வார்த்தைகள் இவை. கட்டிப்பிடிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வேறொரு வேலையாக டெல்லி போயிருந்தேன். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். ஜனவரிப் பனிமூட்டம் என்றால் என்னவென்று ஆக்ரா தாண்டியதும் புரிந்தது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது. மரம் இல்லை, வீடு இல்லை, பக்கத்துத் தண்டவாளம்கூட இல்லை. ஐந்து மணி நேரத் தாமதத்தில் புது டெல்லியில் இறங்கி, வந்த வேலையை முடித்துவிட்டு, மறுநாள் மதியம் மெட்ரோ, அதிலிருந்து இ-ரிக்‌ஷா என்று மாறி அவள் படிக்கும் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. இரவு அங்கே தங்குவதற்கு அவளுடைய பேராசிரியர் அனுமதி தந்தபோது வைத்த ஒரே நிபந்தனை, பெயர்கள் வேண்டாம் என்பதுதான்.

வளாகத்தில் வேப்பமரங்களுக்குக் கீழே புல்வெளி. அதில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து மாணவர்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் நிழலைத் தேடி உட்காருவோம், அங்கே வெயிலைத் தேடுகிறார்கள். வெயில் நகர நகர வட்டமும் நகர்கிறது!

இயற்பியல் துறை, பழைய காலத்துக் கட்டடம். உயரமான கூரை, நீண்ட வராண்டா, ஓரமாக நிற்கும் உடைந்த நாற்காலிகள். ‘அணுத்துகள் ஆய்வகம்’ என்றதும் நான் சினிமாவில் வருவது போல நீல வெளிச்சம், வெள்ளைக் கோட்டு எல்லாம் கற்பனை செய்திருந்தேன். உள்ளே இருந்தது பாதி கண்ணாடிக் கடை, பாதி ஏ.சி மெக்கானிக் கடை. மேஜை மேல் கண்ணாடித் தகடுகள். மூலையில் சங்கிலி போட்டுக் கட்டிய மூன்று கேஸ் சிலிண்டர்கள். பசை ட்யூப், பஞ்சு, ஸ்பிரிட் பாட்டில், மஞ்சள் டேப். ஒரு தட்டில் சட்டைப் பொத்தான் அளவில் பிளாஸ்டிக் வில்லைகள்.

“இதுதான் டிடெக்டரா?”

“இதுதான். என்ன எதிர்பார்த்த... எந்திரனா?”

நாங்கள் இருவரும் மதுரையில் ஒரே பெஞ்சில் பி.எஸ்சி இயற்பியல் படித்தவர்கள். நான் அதோடு இயற்பியலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இதழியல் டிப்ளோமாவுக்குப் போனேன். அவள் டெல்லிக்கு வந்து ஆராய்ச்சியில் சேர்ந்தாள். போடிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். அப்பாவுக்குக் கொஞ்சம் தென்னை, கொஞ்சம் கரட்டு நிலம். குடும்பத்தில் டெல்லியைப் பார்த்த முதல் ஆள் இவள்தான்.

அவள் செய்வது ஆர்.பி.சி என்கிற வகை டிடெக்டர். 1981-ல் இத்தாலியின் சான்டோனிகோ, கார்டரெல்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் உருவாக்கிய முறை இது. சமையல் குறிப்பு மாதிரியே சொல்லிவிடலாம். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு கண்ணாடித் தகடுகள். நடுவில் சரியாக 2 மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளி எங்கேயும் கூடக் குறையாமல் இருக்கத்தான் அந்தப் பொத்தான்கள். வரிசையாகப் பசை வைத்து ஒட்டுகிறார்கள். நான்கு ஓரத்தையும் அடைக்கிறார்கள். மூலைகளில் மட்டும் வாயு உள்ளே போகவும் வெளியே வரவும் சின்னக் குழாய்கள். வெளிப்பக்கம் இரண்டிலும் கறுப்பு கிராஃபைட் பெயின்ட். அதன் மேல்தான் மின்சாரம் பரவும். எவ்வளவு மின்சாரம்? இரண்டு கண்ணாடிக்கும் நடுவே சுமார் 10,000 வோல்ட்! நம் வீட்டு பிளக் பாயின்ட்டில் 230.

உள்ளே ஓடும் வாயுவைக் கேட்டால் இன்னும் ஆச்சர்யம். நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் ஆர்-134ஏ, அதாவது கார் ஏ.சி-யில் நிரப்புகிற அதே கேஸ். நாலரை பங்கு ஐசோபியூட்டேன், இது புதிய ஃப்ரிட்ஜ்களில் ஓடுவது, சமையல் கேஸின் உறவுக்காரர். மிச்சம் கொசுறாக 0.3 பங்கு சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு, துணை மின் நிலையங்களில் ஸ்விட்சுகளுக்குள் தீப்பொறி வராமல் பார்த்துக்கொள்வது. கார், சமையலறை, கரன்ட் ஆபீஸ் மூன்றும் சேர்ந்ததுதான் துகள் இயற்பியல்!

“மூணுக்கும் மூணு வேலை இருக்கு. முதலாவது, துகள் வந்து மோத ஆள் வேணும்ல... அது. இரண்டாவது, மோதல்ல வர்ற வெளிச்சத்தை முழுங்கிடும். மூணாவது, சின்னப் பொறி பெரிய பொறியா ஆகாம அடக்கும். கல்யாண வீட்ல ஒரு தாய்மாமா இருப்பாருல்ல, சத்தம் வந்தா மட்டும் எழுந்து வர்றவர்... அவரு” என்றாள்.

தாய்மாமா 0.3 சதவிகிதம்தான். ஆனால் அவர் இல்லாவிட்டால் ரகளை.

வேலை செய்துகொண்டிருந்த ஒரு டிடெக்டரை முதலில் காட்டினாள். ஒரு முழத்துக்கும் குறைவான சதுரப் பெட்டி, அலுமினியத் தட்டில் படுத்திருந்தது. அதற்கு மேலும் கீழும் கறுப்புக் காகிதம் சுற்றிய பட்டைகள். பக்கத்தில் ஓர் ஆசிலோஸ்கோப், திரையில் பச்சைக் கோடு.

“உள்ளங்கையை நீட்டு.”

நீட்டினேன்.

“உன் கை வழியா இப்ப நொடிக்கு ஒண்ணு ரெண்டு மியூவான் போயிட்டிருக்கு.”

கல்லூரியில் படித்து மறந்தது மெள்ள ஞாபகம் வந்தது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் பூமியின் காற்று மண்டலத்தில் மோதுகின்றன. 15 கிலோமீட்டர் உயரத்தில் மியூவான்கள் என்கிற துகள்கள் பிறக்கின்றன. எலெக்ட்ரானின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், எடை மட்டும் 200 மடங்கு அதிகம். அவை மழை மாதிரி பூமி முழுக்க, ராத்திரி பகல் இல்லாமல் விழுந்துகொண்டே இருக்கின்றன. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று. கூரை, கான்கிரீட், குடை எதுவும் தடுக்காது. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் தலை வழியாகவும் போயிருக்கும். வலிக்கவில்லைதானே?

அப்படி ஒரு மியூவான் கண்ணாடிகளுக்கு நடுவில் உள்ள வாயுவில் பாயும்போது, போகிற போக்கில் சில எலெக்ட்ரான்களை உதிர்த்துவிட்டுப் போகிறது. அங்கே 10,000 வோல்ட் காத்திருக்கிறதே... உதிர்ந்த எலெக்ட்ரான் பாய்ந்து இன்னொன்றை உதிர்க்கும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். கண்ணாடிக்கு வெளியே ஒட்டியிருக்கும் செம்புப் பட்டைகளில் ஒரு சின்னத் துடிப்பு கிளம்பும். ஒரு பக்கம் பட்டைகள் நீளவாக்கில், மறுபக்கம் குறுக்குவாக்கில். இரண்டையும் பார்த்தால் துகள் எந்த இடத்தில் நுழைந்தது என்று தெரிந்துவிடும்.

திரையில் பச்சைக் கோடு சட்டென்று ஒரு பல் போலக் கீழே இறங்கி ஏறியது. “வந்துட்டுப் போயிட்டாரு” என்றாள். சில நொடிகள் சும்மா இருந்தது. மறுபடி ஒரு பல்.

எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியவில்லை. பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறந்த ஒன்று, இந்தப் பழைய கட்டடத்தின் கூரையைத் துளைத்து, கார் ஏ.சி கேஸ் வழியாக எனக்கு ‘ஹலோ’ சொல்லிவிட்டுத் தரைக்குள் போகிறது. இதையா நான் டிப்ளோமாவுக்காக விட்டேன் என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஒரே நிமிடம்தான்.

டிடெக்டர் சரியாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் மேலும் கீழும் இருக்கிற அந்தக் கறுப்புப் பட்டைகள். அவை துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக். மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் ஒரே நேரத்தில் ‘வந்தது’ என்று சொன்னால், நடுவில் இருக்கிற டிடெக்டரும் அதைப் பார்த்திருக்க வேண்டும். வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி. நூறு தடவை கூப்பிட்டால் 95 தடவைக்கு மேல் ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டும். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மணிக்கணக்காக எண்ண வேண்டும். குறைந்த வோல்ட்டில் தூங்கிவழியும் டிடெக்டர், ஒரு கட்டத்துக்கு மேல் விழித்துக்கொள்ளும். அதன் பிறகு எவ்வளவு ஏற்றினாலும் வருகைப்பதிவு ஒரே மட்டமாக நிற்கும். அந்த மேட்டைக் கண்டுபிடிப்பதற்குள் நாள்கள் ஓடிவிடும்.

பொத்தான் கழன்றால்...

ஆனால் அன்று அவளுடைய கவலை அந்த டிடெக்டர் அல்ல. மேஜையின் மறுகோடியில் இன்னும் பெயின்ட்கூட அடிக்காத இரண்டு புதிய கண்ணாடிப் பெட்டிகள் இருந்தன. பசை காய்ந்து, அன்று மாலை முதல் பரிசோதனை. கசிகிறதா, இல்லையா?

போன மாதம் செய்த பெட்டி ஒன்று போய்விட்டது. உள்ளே ஒரு பொத்தான் பசை விட்டுக் கழன்றுகொண்டது. ஒரு பொத்தான்தான்! ஆனால் அந்த இடத்தில் கண்ணாடி லேசாக உப்பிவிடும். 2 மில்லிமீட்டர் என்ற கணக்குக் கெட்டுப்போகும். பிரித்து ஒட்டவும் முடியாது. மூன்று வார வேலை குப்பைக்கு. சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பரிசோதனைக் கருவியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘U’ வடிவத்தில் வளைத்த கண்ணாடிக் குழாய். அதில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர். குழாயின் ஒரு வாய் பெட்டியோடு இணைந்திருக்கிறது, இன்னொரு வாய் காற்றில் திறந்திருக்கிறது. பின்னால் ஒரு ஸ்கேல். பெட்டிக்குள் கொஞ்சம் வாயுவை அடைத்து மூடினால், இந்தப் பக்கத் தண்ணீர் இறங்கி அந்தப் பக்கத் தண்ணீர் ஏறும். 40 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும் வரை நிரப்பினாள். அதற்கு மேல் அடைத்தால் கண்ணாடியே பிளந்துவிடும். வாயு கசிந்தால் வித்தியாசம் குறையும். அவ்வளவுதான் தத்துவம். இரண்டு பெட்டிகளுக்கும் ஒவ்வொரு குழாய். மாலை மணி ஆறு.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை குறித்துக்கொள்ள வேண்டும். நான் பெருமையாக நோட்டை வாங்கிக்கொண்டேன். நடுவில் போய் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சாட் சாப்பிட்டு வந்தோம். தணலில் சுட்ட கிழங்கை வெட்டி, எலுமிச்சை பிழிந்து, மசாலா தூவித் தருகிறார்கள். டெல்லிக் குளிருக்கு அது ஒரு வரம். கையில் சாயா கிளாஸோடு உள்ளே நுழையப் போனபோது மறித்துவிட்டாள். அறையின் வெப்பநிலையை ஒரே அளவில் வைத்திருக்கிறார்கள். ஒரு டிகிரி மாறினாலே உள்ளே இருக்கும் வாயு விரிந்தோ சுருங்கியோ தண்ணீர் மட்டத்தை ஆட்டிவிடும்.

இரவு பத்து மணிக்கு நோட்டைப் பார்த்தேன். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு குழாயிலும் மட்டம் இறங்கியிருந்தது. ஆறு மணிக்கு இருந்ததைவிட இரண்டுமே பல மில்லிமீட்டர் குறைவு.

“ஏய்... ரெண்டுமே கசியுதுடி!”

அவள் பதறவில்லை. சுவரில் மாட்டியிருந்த காற்றழுத்தமானியைக் காட்டினாள். “மணி என்ன?”

“பத்து.”

“அதான். வானம் மூச்சு விடுது.”

இது எனக்குச் சத்தியமாகப் புது விஷயம். கடலுக்கு அலை ஏற்றம் இருப்பது போல, காற்றுக்கும் இருக்கிறது. சூரியன் காற்று மண்டலத்தைச் சூடாக்குவதால் வருவது இது. புயல், மழை இல்லாத சாதாரண நாளில் காற்றழுத்தம் காலை பத்து மணி வாக்கிலும் இரவு பத்து மணி வாக்கிலும் உச்சத்துக்குப் போகும். காலை நான்கு, மாலை நான்கு வாக்கில் தாழும். தினமும் இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவை இறங்குகிறது. நமக்குத் தெரிவதே இல்லை. திறந்த வாய் வழியாக வெளிக்காற்று கூடுதலாக அழுத்தினால், தண்ணீர் மட்டத்தின் வித்தியாசம் குறையத்தானே செய்யும்? கசியாத பெட்டியாக இருந்தாலும் இரவு பத்து மணிக்குக் கசிகிற மாதிரியே நடிக்கும்.

“அப்ப எப்பத் தெரியும்?”

“காலைல நாலு மணிக்கு. வெளிக்காத்து இறங்கும்போது மட்டம் திரும்ப ஏறணும். ஏறிட்டா பெட்டி நல்ல பெட்டி. ஏறலைன்னா...” என்று நிறுத்தி, கம்பளியை என் பக்கம் தள்ளினாள்.

நான் போட்ட ஒரு கார்டு

பதினொரு மணிக்கு அவளுடைய அப்பா போன் செய்தார். வழக்கமாகச் சீக்கிரம் தூங்குகிறவர், அன்று தோப்பில் தண்ணீர் முறை என்பதால் விழித்திருந்தாராம். ஸ்பீக்கரில் போட்டாள்.

“சாப்பிட்டியா பாப்பா? இன்னும் அங்கனயேவா இருக்க?”

“ஆமாப்பா. பெட்டி ஒண்ணு டெஸ்ட்ல இருக்கு.”

“அந்த மலையக் கொடையிற வேலதான?”

“மலையெல்லாம் இல்லப்பா. கண்ணாடி ஒட்டுற வேலை.”

“ம்... என்னமோ போ. குளிருக்குக் காதைக் கட்டிக்க.”

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. இந்த இடத்தில் நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

அவள் செய்யும் இதே வகை டிடெக்டர்தான் தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் இதயம். மலைக்குள் சுரங்கம் குடைந்து, 50,000 டன் காந்த இரும்பை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் இந்தக் கண்ணாடிப் பெட்டிகள், மொத்தம் 30,000 வாக்கில். 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஊர் மக்களும் சூழலியல் அமைப்புகளும் எதிர்த்தார்கள். காடு, நீர், புலிகளின் வழித்தடம் என்று கேள்விகள் எழுந்தன. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, இந்தத் திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது.

அந்த வாரம் நான் வேறோர் இணையதளத்தில் பயிற்சி நிருபர். டெஸ்க்கில் எனக்குக் கொடுத்த வேலை, ஒரு சமூக வலைதளக் கார்டு. ‘தேனியைத் தாக்குமா நியூட்ரினோ கதிர்வீச்சு?’ என்று தலைப்பு வைத்தேன். சிவப்புப் பின்னணி, பெரிய எழுத்து. நன்றாக ஓடியது. பாராட்டினார்கள். பி.எஸ்சி இயற்பியல் படித்த எனக்கு, நியூட்ரினோ எதையும் தாக்காது என்று தெரியாதா? தெரியும். சூரியனிலிருந்து மட்டுமே நம் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் போய்க்கொண்டிருக்கின்றன; ஆய்வகம் வந்தாலும் வராவிட்டாலும். கேள்விக்குறி போட்டுவிட்டால் பொய் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கார்டு சுற்றிச் சுற்றி ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அவளுடைய அப்பாவின் போனுக்கு வந்து, அவர் அதை மகளுக்கு அனுப்பியிருக்கிறார். ‘பாப்பா, இந்த வேலை வேணாம்.’ அவள் ஆராய்ச்சியில் சேர்ந்த முதல் வருடம் அது. கார்டைச் செய்தது நான் என்று அவளுக்கு அப்போதே தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களுக்குள் மூன்று வருட இடைவெளி ஏன் விழுந்தது என்று நான் இதுவரை வேலைப்பளுவைத்தான் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அன்னைக்கே திட்டியிருக்கலாம்ல?”

“திட்டினா நீ அழிச்சிருப்பே. அப்பா போன்ல இருந்து எப்படி அழிப்ப?”

பதில் இல்லை என்னிடம்.

மலையைக் குடைய வேண்டுமா என்று அவளிடம் கேட்டேன். அவள் அதற்கு நேராகப் பதில் சொல்ல நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். மலை ஏன் தேவை என்பதை முதலில் சொன்னாள். இங்கே சோதனைக்கு உதவுகிற வானத்து மியூவான் மழை, நியூட்ரினோவைத் தேடும்போது பெரும் இரைச்சல். அதை வடிகட்ட ஒரு கிலோமீட்டர் பாறை வேண்டும். கர்நாடகாவின் கோலார் தங்கச் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் கீழே இருந்துதான் 1965-ல், காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தை இந்திய விஞ்ஞானிகள் பார்த்தார்கள். (ஆமாம், அதே கே.ஜி.எஃப்தான். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கிய அதே சுரங்கம்.) அது 2001-ல் மூடப்பட்டது.

“எங்க ஊர்ல கிணறு வத்துமான்னு அப்பா கேக்குறது நியாயமான கேள்விடி. பாறையை வெடி வச்சா என்ன ஆகும், காடு என்ன ஆகும்... அதெல்லாம் கேக்கணும். நான் ஜியாலஜி படிக்கல, அதுக்கு நான் பதில் சொல்லக் கூடாது. ஆனா பெட்டிக்குள்ள கதிர்வீச்சு இருக்குன்னு பயந்தா, அது என் பெட்டி... அதுக்கு நான் பதில் சொல்லணும். நீ ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்ட.”

“அப்ப பெட்டியால ஒரு கெடுதலும் இல்லையா?” என் நிருபர் புத்தி விடவில்லை.

“இருக்கே” என்றாள் உடனே. எதிர்பார்க்காத பதில்.

சிலிண்டரைக் காட்டினாள். ஆர்-134ஏ, பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்ஸைடைவிடச் சுமார் 1,400 மடங்கு வலுவானது. தாய்மாமா இருக்கிறாரே, சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு? 20,000 மடங்குக்கும் மேல். ஜெனிவாவில் இருக்கும் உலகின் மிகப்பெரிய துகள் ஆய்வு மையமான செர்ன் நேரடியாக வெளியேற்றும் பசுமைக்குடில் வாயுக்களில் பெரும்பங்கு, டிடெக்டர்களிலும் குளிரூட்டலிலும் பயன்படும் இந்த வகை வாயுக்கள்தான். அதில் கசிவுக்கும் பங்கு உண்டு. வாயுவை வெளியே விடாமல் சுத்தம் செய்து மறுபடி சுற்றவிடும் முறைகளை இப்போது உருவாக்கியிருக்கிறார்கள். சூடாக்காத மாற்று வாயுக்களையும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் சோதிக்கிறார்கள். மாற்று வாயு போட்டால் அதிக வோல்ட் கேட்கும், பெட்டி சீக்கிரம் வயசாகுமோ என்ற சந்தேகம் வரும், மறுபடி முதலிலிருந்து அட்டெண்டன்ஸ் எடுக்க வேண்டும்.

“முப்பதாயிரம் பெட்டி வைக்கிறேன்னு சொல்லிட்டு, ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் கசிஞ்சா? அதான் நான் தண்ணிக் குழாயைப் பார்த்துட்டு உக்காந்திருக்கேன். கார்டு போடணும்னா இதைப் போடு.”

பொட்டிபுரத்தில் எதுவும் வரவில்லை. மதுரை வடபழஞ்சியில் 85 டன் இரும்பும் பத்து அடுக்கு டிடெக்டர்களுமாக ஒரு சின்ன மாதிரி 2018 முதல் இயங்கியிருக்கிறது. நானும் அவளும் படித்த கல்லூரியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம். மூன்று வருடம் மதுரையில் இருந்தும் நாங்கள் எட்டிப்பார்க்கவில்லை. அவள் ஆராய்ச்சியை முடிக்கும்போது இந்தப் பெட்டிகள் எங்கே போகும் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். எரிமலையின் உள்பக்கத்தை மியூவான் வைத்து எக்ஸ்ரே மாதிரி படம் எடுக்கிறார்கள், எகிப்துப் பிரமிடுக்குள் மறைந்திருந்த வெற்றிடத்தை 2017-ல் மியூவான்களைக் கொண்டுதான் கண்டுபிடித்தார்கள், வாயு டிடெக்டர்களும் அந்த வேலையில் இருந்தன, எங்கேயாவது வேலைக்கு ஆகும் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் உற்சாகம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மணி இரண்டு ஆகியிருந்தது.

நான் தூங்கிவிட்டேன். நிருபர் என்று வெளியே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

“எந்திரி... நாலு மணி.”

வராண்டா விளக்கு பனியில் மஞ்சள் புள்ளியாக மங்கிக் கிடந்தது. எங்கேயோ நாய் குரைத்தது. டார்ச் அடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்கேலைப் பார்த்தோம். முதல் பெட்டியின் தண்ணீர் ஏறியிருந்தது! பத்து மணிக்கு இறங்கிய அத்தனையும் திரும்ப வந்து, இன்னும் கொஞ்சம் கூடுதலாகவும். வானம் மூச்சை உள்ளே இழுத்துவிட்டது.

இரண்டாவது பெட்டி ஏறவில்லை. இன்னும் இறங்கியிருந்தது.

அவள் காற்றழுத்த அளவையும் வெப்பநிலையையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு கோடு நேராகப் படுத்திருந்தது. இன்னொன்று சரிந்துகொண்டே போனது. சந்தேகமே இல்லை, கசிவு. நான் ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாய் திறப்பதற்குள், அலமாரியைத் திறந்து வளையும் மூக்கு வைத்த ஒரு கருவியை எடுத்தாள். ஏ.சி மெக்கானிக்குகள் கேஸ் கசிவை மோப்பம் பிடிக்கிற அதே கருவி. பெட்டியில் ஆர்-134ஏ-வை மெதுவாக விட்டு, ஓரம் ஓரமாக அதன் மூக்கை நகர்த்திக்கொண்டே போனாள். முதல் பக்கம்... அமைதி. இரண்டாவது பக்கம்... அமைதி. மூன்றாவது மூலையில், குழாய் பொருத்திய இடத்தில், கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. அந்த இரவில் முதல்முறையாக.

“கசியுதுன்னு சிரிக்கிற?”

“பொத்தான் இல்லடி. மூலை! வெளியில இருந்தே பசை வைக்கலாம்.”

ஊசி மாதிரி நுனி வைத்த ட்யூபில் பசையை எடுத்து, நெற்றியில் பொட்டு வைப்பது போல அந்த மூலையில் வைத்தாள். காய ஒரு நாள். அதற்குப் பிறகு மறுபடி 40 மில்லிமீட்டர், மறுபடி ஓர் இரவு, மறுபடி காலை நான்கு மணி. எனக்கு அன்று மாலை ரயில்.

கிளம்பும்போது புல்வெளியில் மறுபடி வெயில் வட்டங்கள் ஆரம்பித்திருந்தன. கையில் ஒரு பொட்டலம் கஜக் திணித்தாள். வெல்லமும் எள்ளும் சேர்த்த, நம் எள்ளு மிட்டாய் மாதிரியான குளிர்காலத் தின்பண்டம். குவாலியர் தாண்டுவதற்குள் காலியாகிவிட்டது.

மூன்றாம் நாள் சென்னை வெயிலில் ஆபீஸ் படியேறும்போது வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சிவப்புத் தண்ணீர்க் குழாய், பின்னால் ஸ்கேல், கீழே ‘காலை 4.10’ என்று பேனாவில் எழுதிய துண்டுச் சீட்டு. மட்டம் ஏறியிருந்தது. அதே படத்தை அவள் அப்பாவுக்கும் அனுப்பியிருக்கிறாள். அவர் பதிலுக்கு அனுப்பிய குரல் செய்தியை எனக்குத் தட்டிவிட்டிருந்தாள். பின்னணியில் மோட்டார் ஓடும் சத்தம்.

“ஏம் பாப்பா... இது நம்ம வீடு கட்டயில கொத்தனாரு மட்டம் பாக்க வச்சிருந்த டியூப்புல்ல? இத வச்சா நீ வேல பாக்குற? இதுல என்னத்தப் பாக்குறன்னு போன் போட்டுச் சொல்லு.”

அதற்குக் கீழே அவள் எனக்கு எழுதியிருந்தாள்: “ஒரு மணி நேரம் பேசினோம்.”